எதிர்ச்சாரி

என் பேரன் ஒரு கம்யூனிஸ்ட். அவனுடைய கட்சி அலுவலகம் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் என்னும் ஊரில், என் மகள் வீட்டு மாடியில், இடது கைப்பக்கம் இரண்டாவது அறையில் இருக்கிறது. கொடி கிடையாது, பெஞ்சு கிடையாது, டீக்கடையில் கடன் கிடையாது. ஒரு மேஜை, அதன்மேல் இரண்டு கம்ப்யூட்டர்த் திரைகள், காதை மூடிக்கொள்ளும் கருவி ஒன்று, சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று. இவ்வளவை வைத்துக்கொண்டு அவன் உலகப் புரட்சியைப் பற்றி விடிய விடிய வாதம் செய்கிறான்.

நான் பரிகாசம் செய்வதாக நேயர்கள் எண்ண வேண்டாம். திருச்சி பொன்மலையில், ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவன் நான். கம்யூனிஸ்ட் என்ற சொல்லைக் கேட்டுத்தான் எழுத்துக் கூட்டவே கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். ஆகையால், 2025 கோடையில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போனபோது, அவள் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே, "அப்பா, அவன் ராத்திரி பூரா யார் கூடவோ சண்டை போடுறான். நான் கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறான். நீங்கதான் கேக்கணும்" என்று முறையிட்டபோது, எனக்குக் கவலையைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை விட்டுப் போயிருந்த வியாதி மறுபடி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் இரவு அவன் அறைக்குப் போய்க் கட்டில்மேல் உட்கார்ந்தேன். திரையில் ஓர் இளைஞன் பேசிக்கொண்டிருந்தான். எதிரே கூட்டம் இல்லை, மேடை இல்லை. அவனும் தன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினான். ஆனால் திரையின் ஓரத்தில், மழைக்காலத்து வாய்க்கால் மாதிரி, எழுத்துக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கேட்பவர்கள் எழுதுவது அது. ஒருவன் 'சபாஷ்' என்கிறான். ஒருவன் 'பொய்' என்கிறான். ஒருவன் காரணமில்லாமல் ஒரு தவளைப் படத்தைப் போடுகிறான். நடுநடுவே யாராவது காசு அனுப்பினால் மணி அடிக்கிறது. காசோடு கூட அவர் எழுதிய கேள்வியும் வருகிறது. பேச்சாளர் பேச்சை நிறுத்திவிட்டு அதை வாசித்துப் பதில் சொல்கிறார்.

"இவருக்கு என்னப்பா பேர்? கட்சியில என்ன பொறுப்பு?" என்று கேட்டேன்.

"கட்சி எதுவும் இல்லை தாத்தா. இவர் ஒரு ஸ்ட்ரீமர்" என்றான் பேரன்.

கதாகாலட்சேபம் பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல. பாகவதர் கதை சொல்கிறார், நடுவில் தட்டு வருகிறது, போட்டவர் பெயரைச் சொல்லி அவர் வாழ்த்துகிறார். ஒரே வித்தியாசம், தட்டில் விழுவதில் ஒரு பங்கு மண்டபத்துச் சொந்தக்காரருக்குப் போகிறது. இந்த மண்டபத்துக்கு ட்விட்ச் என்று பெயர். 2011-ஆம் ஆண்டு, வீடியோ விளையாட்டு ஆடுகிறவர்களை மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதற்காக ஆரம்பித்தது. 2014-இல் அமேஸான் கம்பெனி அதைச் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. மாதம் ஐந்து டாலர் சொச்சம் சந்தா கட்டுகிறவர் தாம் அதைத் தோழருக்கே கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஆனால் சாதாரண ஒப்பந்தப்படி அதில் பாதி கம்பெனிக்கு. முதலாளித்துவம் ஒழிக என்று ஒருவர் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், உலகத்தின் மிகப் பெரிய முதலாளிகளில் ஒருவருக்குக் கொஞ்சம் வருமானம் வருகிறது.

இதைச் சொல்லிவிட்டு, பேரனை மடக்கிவிட்டதாக நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "தாத்தா, 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவு அமேஸான் கிடங்கில் தொழிலாளிகள் ஓட்டுப் போட்டு யூனியன் கொண்டுவந்தாங்க. 2,654 பேர் சார்பாக, 2,131 பேர் எதிராக. அமெரிக்காவில் அமேஸான் கிடங்கில் அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தியை நான் எங்க கேட்டேன்னு நினைக்கிறீங்க? அமேஸானுக்குச் சொந்தமான இதே ட்விட்ச்லதான்" என்றான். எண்ணிக்கையைக் கடைசி இலக்கம் வரை மனப்பாடமாகச் சொன்னான். என் தகப்பனாரும் அப்படித்தான் சொல்வார். 1946 வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பொன்மலைத் துப்பாக்கிச் சூட்டில் செப்டம்பர் 5-ஆம் தேதி உயிர் விட்ட ஐந்து பேரையும் பெயர் பெயராகச் சொல்லுவார். அன்று இரவு அந்தப் பிள்ளைமேல் எனக்கு இருந்த அன்பு இன்னும் ஒரு படி ஏறிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பிறகு தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாடிக்குப் போவது எனக்குப் பழக்கமாயிற்று. கதை எழுதுகிறவனுக்கு, பிறர் சண்டையைக் கேட்பதைப் போலச் சுகமான பொழுதுபோக்கு வேறு கிடையாது.

இந்த உலகத்தில் பெரிய பேச்சாளர் ஹஸன் பைக்கர் என்பவர். 1991-இல் இதே நியூ ஜெர்சியில் பிறந்து, துருக்கியில் இஸ்தான்புல்லில் வளர்ந்து, திரும்பி வந்து, மகள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போகக்கூடிய ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் படித்தவர். தினமும் ஏழெட்டு மணி நேரம் பேசுகிறார். நம் ஊரில் அவ்வளவு நேரம் பேசினால் மைக் செட்டுக்காரரே எழுந்து போய்விடுவார். 2021-இல் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் சுமார் 27 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வீடு வாங்கினார். அவ்வளவுதான், இன்டர்நெட்டில் இருந்த இடதுசாரிகள் அத்தனை பேரும் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். சோஷலிஸம் பேசுகிறவன் இவ்வளவு பெரிய வீட்டில் இருக்கலாமா என்று ஒரு கட்சி. சோஷலிஸம் என்பது தரித்திர விரதம் அல்ல, உற்பத்திச் சாதனம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி, குடியிருக்கும் வீடு உற்பத்திச் சாதனம் ஆகுமா என்று எதிர்க் கட்சி. நான்கு வருஷம் கழித்தும் அந்த வழக்கு ஓயவில்லை. நான் இருந்த மூன்று மாதத்திலேயே இரண்டு தடவை மறு விசாரணைக்கு வந்தது.

எனக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. எந்தத் தலைவர் எந்த வகுப்பில் ரயில் பிரயாணம் செய்தார் என்பது, நான் சிறுவனாக இருந்தபோது பொன்மலையில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடக்கூடிய விஷயம். எளியவர்களுக்காகப் பேசுகிறவரை, எளியவர்கள் கூர்ந்துதான் பார்ப்பார்கள். அதில் பொறாமையும் கொஞ்சம் உண்டு; நியாயமும் கொஞ்சம் உண்டு.

நல்ல காரியங்களும் நடக்கின்றன. 2019 ஜனவரியில் ஹாரி புரூயிஸ் என்ற ஆங்கிலேய இளைஞர், ஒரு பழைய வீடியோ விளையாட்டை ஐம்பத்தேழு மணி நேரம் விடாமல் ஆடி, திருநர் குழந்தைகளுக்கு உதவும் ஒரு பிரிட்டிஷ் தர்ம ஸ்தாபனத்துக்கு 3,40,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். 2020 அக்டோபர் 20-ஆம் தேதி, அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர்களான அலெக்ஸாண்டிரியா ஒகாஸியோ கோர்ட்டெஸ், இல்ஹான் ஓமர் என்ற இரண்டு பெண்மணிகள், பைக்கர் முதலிய சிலரோடு சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டே, 'ஓட்டுப் போடுங்கள்' என்று பிரசாரம் செய்தார்கள். அதை ஒரே சமயத்தில் நான்கு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பாவம், நம் தலைவர்கள் அவ்வளவு பேரைச் சேர்க்க எத்தனை லாரி பிடிக்க வேண்டியிருக்கிறது!

யூடியூபில் நீண்ட வியாக்கியானங்கள் செய்யும் இடதுசாரிகளின் கூட்டத்துக்கு 'பிரெட்டியூப்' என்று பெயர் வழங்கியது. பிரெட் என்றால் நாம் காப்பியில் தொட்டுச் சாப்பிடும் ரொட்டிதான். குரோபோட்கின் என்ற ருஷ்ய அராஜகவாதி, பிரபு வம்சத்தில் பிறந்தவர், 1892-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட 'ரொட்டியை வெல்லுதல்' என்ற நூலிலிருந்து வந்த பெயர். என் பேரன் அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. ஒரு நாள் எடுத்துப் புரட்டினேன். முதல் பக்கத்தில் நீல மையில், கிறுக்கலாக, பிறந்தநாள் வாழ்த்து எழுதி ஒரு பெயரும் எழுதியிருந்தது.

"யாருப்பா இது?"

"தெரிஞ்சவன் ஒருத்தன்" என்றான் பேரன். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தான். அவ்வளவு ஜாக்கிரதையாக வைக்கப்படும் புத்தகத்தைக் கொடுத்தவன் வெறும் 'தெரிஞ்சவன்' ஆக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் மேலே கேட்கவில்லை.

சண்டைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவை எண்ணிலடங்கா. 2020 டிசம்பரில் ஒரு பெரிய சண்டை. ஜிம்மி டோர் என்ற நகைச்சுவைக்காரர், 'எல்லாருக்கும் அரசாங்க வைத்தியம் என்ற மசோதாவைச் சபையில் ஓட்டுக்கு விடாவிட்டால், நான்ஸி பெலோஸியைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்க நம் அங்கத்தினர்கள் ஓட்டுப் போடக் கூடாது' என்று கிளப்பினார். தோற்கும் என்று தெரிந்தும் ஓட்டுக்கு விடுவதால் என்ன பிரயோஜனம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எல்லாருக்கும் வைத்தியம் வேண்டும் என்பதில் இரண்டு தரப்புக்கும் அபிப்பிராய பேதமே இல்லை. ஆனாலும் ஒருவரை ஒருவர் துரோகி என்றார்கள். அந்தச் சமயம் பிரிந்த சிநேகிதர்கள் பலர் பிறகு சேரவே இல்லை என்று பேரன் சொன்னான். 2021 ஜனவரி 3-ஆம் தேதி பெலோஸி அம்மையார் 216 ஓட்டுக்களோடு சபாநாயகர் ஆனார். வைத்திய மசோதா இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த உலகத்தில் வசைச்சொற்களுக்கும் குறைவில்லை. அவற்றுள் மிகவும் பயங்கரமானது 'டாங்கி' என்பது. நம் ஊர்ப் பத்திரிகைகள் டாங்கி என்று எழுதும் அதே யுத்த வண்டியிலிருந்து வந்த சொல்தான். 1956-இல் ஹங்கேரியில் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தபோது, சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகரத்துக்குள் புகுந்தன. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான 'டெய்லி ஒர்க்கர்' தன் நிருபர் பீட்டர் பிரையரை அங்கே அனுப்பியிருந்தது. கண்ணால் கண்டதை அவர் எழுதினார். கட்சி அதை வெளியிடவில்லை. அவர் ராஜினாமா செய்தார். கட்சி அவரை விலக்கிற்று. அந்த வருஷமே இ. பி. தாம்சன், ஜான் சாவில் என்ற இரண்டு சரித்திராசிரியர்கள் 'ரீஸனர்' என்று ஒரு சைக்ளோஸ்டைல் பத்திரிகையை நடத்தி, கட்சிக்குள் மனம் விட்டுப் பேசுங்கள் என்று மன்றாடினார்கள். மூன்று இதழ், அப்புறம் அவர்களும் வெளியேறினார்கள். ஆயிரக்கணக்கான அங்கத்தினர்கள் விலகினார்கள். டாங்கிகளை அனுப்பியது சரியே என்று கட்சியில் தங்கினவர்களுக்குப் பின்னால் வைத்த பட்டப் பெயர் அது. வைத்தவர்கள் ஆங்கிலேய இடதுசாரிகள். இன்று பயன்படுத்துகிறவர்கள் ஹங்கேரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டிய பிள்ளைகள்.

கேட்கக் கேட்க எனக்கு ஒரு விஷயம் புலனாயிற்று. பழைய காலத்துச் சண்டை கமிட்டி அறையில் நடந்தது. அங்கே பத்துப் பேர். காரசாரமாகப் பேசுவார்கள்; வெளியே வந்ததும் ஒரே பீடியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். முந்தின வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்றிக்கொண்டால் யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள். இங்கே அப்படி முடியாது. ஒருவர் பேசியதிலிருந்து அரை நிமிஷத்தை மட்டும் நறுக்கி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். கிளிப் என்று பெயர். பின்னால் அவர் மனம் மாறினால் அந்த அரை நிமிஷத்தை எடுத்து வீசுகிறார்கள். ஆயிரம் பேர் பார்க்கும்போது 'நான் சொன்னது பிசகு' என்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? அதோடு, சண்டை வலுத்தால்தான் கூட்டம் சேருகிறது. கூட்டம் சேர்ந்தால்தான் மணி அடிக்கிறது. சமாதானத்துக்கு யாரும் சந்தா கட்டுவதில்லை.

இதை நான் சொன்னபோது பேரன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தாத்தா, உங்க அப்பாவுக்குப் பொன்மலையில் சங்கத் திடல் இருந்தது. எனக்கு எங்க இருக்கு? இந்தத் தெருவில் நடக்கிறவங்களே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் பேர் அம்மாவுக்கே தெரியாது. நான் நினைக்கிறதை நினைக்கிற இன்னொருத்தன் இருக்கான்னு எனக்குப் பதினாலு வயசுல காட்டினது இந்தத் திரைதான்" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. வாஸ்தவத்தில், அன்று காலை நான் உலாவப் போனபோது, அரை மணி நேரத்தில் சந்தித்த மனிதர் ஒருவர்தான். அவரும் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். நாய்தான் என்னைப் பார்த்தது.

ஜூலை 21-ஆம் தேதி காலை, கேரளத்தில் வி. எஸ். அச்சுதானந்தன் காலமானார் என்ற செய்தியை டெலிபோனில் பார்த்தேன். வயது நூறைத் தாண்டியிருந்தது. எதிர்பாராத செய்தி அல்ல. ஆனாலும் என்னவோ மாதிரி இருந்தது. பேரன் காப்பியோடு வந்தவன், "என்ன தாத்தா?" என்றான்.

"முப்பத்திரண்டு பேரில் கடைசி ஆளும் போயிட்டார்" என்றேன்.

எந்த முப்பத்திரண்டு பேர் என்று அவனுக்குத் தெரியவில்லை. 1903-இல் ருஷ்யக் கட்சியின் மாநாடு பிரஸ்ஸெல்ஸில் தொடங்கி லண்டனில் முடிந்ததையும், யாரை அங்கத்தினர் என்று சொல்வது என்ற ஒரே ஒரு வாக்கியத்துக்காக லெனினும் அவருடைய உயிர்ச் சிநேகிதர் மார்ட்டாவும் மோதியதையும், அந்த ஓட்டில் 28-க்கு 22 என்று மார்ட்டாவே ஜெயித்ததையும் அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் தன் கொள்ளுத் தாத்தாவின் வாழ்க்கையைப் பிளந்த விஷயம் அவனுக்குத் தெரியாது. அது அவன் தப்பு அல்ல. நான் சொன்னதில்லை.

சொன்னேன். 1964 ஏப்ரல் 11-ஆம் தேதி, டில்லியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்ஸில் கூட்டத்திலிருந்து முப்பத்திரண்டு பேர் வெளியேறினார்கள். சோவியத்தும் சீனாவும் பிணங்கியிருந்த காலம். 1962 எல்லை யுத்தத்தின் காயம் ஆறவில்லை. டாங்கே 1924-இல் வெள்ளைக்கார சர்க்காருக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் வேறு கிளம்பியிருந்தன. நம் பக்கத்திலிருந்து வெளியேறியவர்களுள் பி. ராமமூர்த்தி, என். சங்கரய்யா ஆகியோர் உண்டு. அந்த வருஷக் கடைசிக்குள் கட்சி இரண்டாயிற்று. சங்கரய்யா 2023 நவம்பர் 15-இல் மறைந்தார். மிஞ்சியிருந்தவர் அச்சுதானந்தன் ஒருவரே.

"இது சரித்திரம். நம்ம வீட்டுக் கதை வேற" என்றேன்.

என் தகப்பனாருக்கு ஒரு சிநேகிதர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்து லேத்து. வேலைநிறுத்தத்தின்போது ஒரே சமயத்தில் அடி வாங்கியவர்கள். மாலையில் சங்கு ஊதியதும் இருவரும் எங்கள் குவார்ட்டர்ஸ் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வருவார்கள். ஏறி ஓட்டினால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும் என்பதற்காகவே தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று அம்மா சொல்லுவாள். 1964-இல் அப்பா பழைய கட்சியில் தங்கினார். மாமா புதுக் கட்சிக்குப் போனார். ஒரு நாள் திண்ணையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஒருவர் மற்றவரைத் திருத்தல்வாதி என்றார். மற்றவர் இவரைச் சீனத்து ஆள் என்றார். அம்மா கொண்டுவந்த காப்பி ஆறிப் போயிற்று. அதற்கப்புறம் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வேலை முடிந்து திரும்பும்போது தெருவின் எதிர்ச்சாரியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். இந்தச் சாரியில் அப்பா வருவார். இரண்டு பேரும் ஏறி ஓட்டமாட்டார்கள், பேசவும் மாட்டார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சில நாள் மாமா என்னை நிறுத்துவார். "அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கு? ராத்திரி தூங்குறாரா?" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டு ஓடி வந்துவிடுவேன். ராத்திரி சாப்பிடும்போது அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே, "வழியிலே யாராவது ஏதாவது கேட்டாங்களா?" என்பார்.

"இல்லப்பா" என்பேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த வருஷம் டிசம்பர் முடிவில் புதுக் கட்சித் தலைவர்களை நாடெங்கும் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். மாமாவோடு பேசினால் அப்பாவையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று எனக்குப் பயம். அதோடு, மாமா சீனத்து ஆள் என்று என் காதால் கேட்டிருக்கிறேன். அப்பாவைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு நான் சொன்ன பொய் அது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஒரு வருஷத்துக்கு மேல் அவர் கேட்டார். நான் இல்லை என்றேன். பிறகு மாமா என்னை நிறுத்துவதை விட்டுவிட்டார். அப்பாவும் கேட்பதை விட்டுவிட்டார்.

1979-இல் அப்பா காலமானார். ஊர்வலம் போகும்போது பார்த்தேன். மாமா எதிர்ச்சாரியில் நடந்து வந்தார், தனியாக, செருப்பு இல்லாமல். சுடுகாடு வரைக்கும் அப்படியே வந்தார். எல்லாம் முடிந்தபிறகு என்னிடம் வந்து நின்றார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உங்க அப்பா என்னைப் பத்தி எப்பவாவது கேட்டாரா, தம்பி?" என்றார்.

இருபத்தேழு வயதுப் பையன் நான். இனிமேலாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "தினம் கேட்டார் மாமா. நான்தான் சொல்லல்லை" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அப்படியா" என்றார். பக்கத்தில் கிடந்த கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2019 தேர்தலிலும் 2024 தேர்தலிலும் தமிழ்நாட்டில் அந்த இரண்டு கட்சிகளும் ஒரே கூட்டணியில் நின்றன. இரண்டு தடவையும் ஆளுக்கு இரண்டு தொகுதி ஜெயித்தன. கட்சிகளுக்கு ஆயுள் நீளம். பிரியவும் சேரவும் அவற்றுக்கு நேரம் இருக்கிறது. மனிதர்களுக்கு அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை. மார்ட்டாவ் 1923 ஏப்ரலில் ஜெர்மனியில் இறந்தார். லெனினும் அப்போது படுத்த படுக்கை. மார்ட்டாவும் சாகக் கிடக்கிறாராமே என்று அவர் வருத்தத்தோடு சொன்னதாக அவருடைய மனைவி குருப்ஸ்கயா எழுதிவைத்திருக்கிறார். இருபது வருஷம் ஒருவரை ஒருவர் கிழித்து எழுதிய பிறகு, அந்த மனத்தில் நின்றது சிநேகிதன்தான்.

பேரன் காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "அந்தப் புத்தகம் கொடுத்தவன்..." என்று ஆரம்பித்தான்.

அந்தப் பையன் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறானாம். இருவருக்கும் பதினான்கு வயதில் சிநேகம். ஐந்து வருஷம் தினமும் பேசியிருக்கிறார்கள். நேரில் பார்த்ததே இல்லை. இருவருமாகச் சேர்ந்து, சிறிய பேச்சாளர் ஒருவருடைய அரட்டை மன்றத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். முறை தவறிப் பேசுகிறவர்களை வெளியேற்றும் அதிகாரம் இவர்களுக்கு உண்டு. 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ருஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. உலகத்து இடதுசாரிகள் மறுபடி இரண்டானார்கள். நேட்டோ ராணுவக் கூட்டணி கிழக்கே விரிந்ததால் வந்த வினை இது என்று என் பேரன் எழுதினான். எந்தக் காரணமும் டாங்கியை நியாயப்படுத்தாது என்று அவன் எழுதினான். அவனுடைய பாட்டி உக்ரைனிலிருந்து வந்தவளாம். அது என் பேரனுக்குத் தெரியும். தெரிந்தும், பாட்டி கதையை வைத்து அரசியல் பேசாதே என்று எழுதினான். பதிலுக்கு அவன், நீ ஒரு டாங்கி என்றான். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பேரன் பட்டனை அழுத்தி அவனை வெளியேற்றிவிட்டான்.

"அன்னிக்கு எல்லாரும் கைதட்டினாங்க தாத்தா" என்றான். அவன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கைதட்டல் இன்னும் அவனுக்கு வலிக்கிறது என்று தெரிந்தது.

"நீ சொன்னது சரியா, அவன் சொன்னது சரியா?"

"நான் சொன்னதுல பாதி இப்பவும் சரின்னுதான் நினைக்கிறேன். பாட்டியைச் சொன்னது சரியில்ல."

"அந்தப் பட்டனை மறுபடி மாத்த முடியுமா?"

"ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா அவன் வரணுமே."

"வர்றதும் வராததும் அவன் இஷ்டம். கதவைச் சாத்தினவன் நீ" என்றேன். உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு உண்டா என்று அந்தக் கணமே சந்தேகம் வந்துவிட்டது. ஆகையால் அத்துடன் நிறுத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அன்று இரவு நான் மாடிக்குப் போகவில்லை. மறுநாள் அவனே சொன்னான்: தடையை எடுத்துவிட்டான், பாட்டியைப் பற்றி எழுதியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி அனுப்பியிருக்கிறான், நேட்டோ விஷயத்தைத் தொடவில்லை. அந்த இரண்டு வரியை எழுத நான்கு மணி நேரம் ஆயிற்றாம். முந்நூறு பேருக்கு முன்னால் அரை நிமிஷத்தில் செய்ததற்கு, ஒருவனுக்கு முன்னால் நான்கு மணி நேரம்.

நான் திரும்புகிற வரையில் பதில் வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் திருச்சியிலிருந்து அவனோடு டெலிபோனில் பேசுகிறேன். அமெரிக்க அரசியல், அவன் அம்மாவின் சமையல், என் முழங்கால் வலி எல்லாம் பேசி முடிந்தபிறகு, "யாராவது ஏதாவது கேட்டாங்களா?" என்று கேட்கிறேன். என்னையறியாமல் அப்பாவின் குரலிலேயே கேட்கிறேன் என்று தோன்றுகிறது.

"இல்ல தாத்தா" என்கிறான் பேரன். போன வாரம் மட்டும், சற்றுப் பொறுத்து, "கதவு திறந்துதான் இருக்கு" என்றான்.